வெண்கட்டியால் ஒரு சொல்: சிட்னி நடைபாதைகளில் ஆர்தர் ஸ்டேஸ்

சிட்னி மாநகரசபைக்குச் சொந்தமாக ஒரு சொல் உண்டு. பூங்காக்கள், நூலகங்கள், வாகனத் தரிப்பிடங்களைப் போல அதுவும் சபையின் உடைமை. வர்த்தகக் குறியாகப் பதியப்பட்ட சொல். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து: இற்றேர்னிற்றி. தமிழில் நித்தியம் என்று சொல்லலாம். பழைய காலத்து அழகான சரிந்த கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து முழுச் சொல்லுக்கும் அடிக்கோடு போடும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் அதை எழுதிய முப்பத்தைந்து வருடங்களும், நடைபாதையை அசிங்கப்படுத்தக் கூடாது என்ற இதே சபையின் விதியை மீறிக்கொண்டே இருந்தார்.

அவர் பெயர் ஆர்தர் ஸ்டேஸ். இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சிட்னிக்காரரில் நடுவயது தாண்டிய எவரிடம் கேட்டாலும் அவரைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் சொல்லைத் தெரிந்திருக்கும்.

பொது இடங்களில் எழுதுவதும் வரைவதும் கலையா, நாசவேலையா என்ற வாக்குவாதம் இங்கே ஓய்வதில்லை. நான் அதைக் கழுவுகிறவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தவன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு ஒப்பந்தகாரரின் கீழ் சுவர் எழுத்துகளை அழிப்பது. இரண்டு வருடத்துக்கு மேல் செய்தேன். ஸ்டேஸைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதும் அந்த வேலையிடத்தில்தான். அதன்பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1885 பெப்ரவரி 9ஆம் திகதி சிட்னியின் ரெட்பேர்ன் பகுதியில் அவர் பிறந்தார். தகப்பன் மொரீசியஸிலிருந்து வந்த ஒரு கூலித்தொழிலாளி. தாய் சிட்னியில் பிறந்தவர். வீடு முழுவதும் குடி. தகப்பனும் தாயும் குடித்தார்கள். பிறகு சகோதரர்களும் சகோதரிகளும் குடித்தார்கள். பசி தாங்காத பிள்ளை அடுத்த வீடுகளின் வாசலில் வைத்திருந்த பாலைக் களவெடுத்தது, கடைப் பாணைக் களவெடுத்தது, குப்பையில் கிடந்ததையும் பொறுக்கித் தின்றது. கொஞ்சக் காலம் அரசின் பராமரிப்பில் இருந்தார். பள்ளிக்கூடம் போனது பெயருக்குத்தான். பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. பதினைந்தில் குடிவெறிக்காக முதல் சிறை.

இருபதுகளில் அவருடைய தொழில் காவல் நிற்பது. காசைச் சுண்டி எறிந்து பந்தயம் பிடிக்கும் சூதாட்டம் சட்டவிரோதமாக இருந்த காலம். ஆட்டம் நடக்கும் சந்து முனையில் நின்று, பொலிஸ் வந்தால் குரல் கொடுக்கவேண்டும். அப்படி நிற்பவர்களுக்கு இங்கே ஒரு கிளியினத்தின் பெயரைச் சொல்லி கொக்கற்றூ என்பார்கள். அதோடு சகோதரிகள் நடத்திய விபசார விடுதிகளுக்கு மதுக்கடையிலிருந்து போத்தல்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. பிற்காலத்தில் விடியற்காலைத் தெருக்களில் பொலிஸ் கண்ணில் படாமல் எழுதித் திரிந்தாரே, அந்தக் கண்ணும் காலும் இங்கேதான் பழகியிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

1916 மார்ச்சில் படையில் சேர்ந்தார். வயது 31. அவுஸ்திரேலியப் படையின் 19ஆவது பட்டாலியனோடு மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய படைப்பதிவில் வீரச்செயல் என்று சொல்ல எதுவுமில்லை. மாறி மாறி மூச்சுக்குழாய் அழற்சியும் நுரையீரல் உறை அழற்சியும். 1919 ஏப்ரல் 2ஆம் திகதி மருத்துவக் காரணத்தால் சிட்னியில் விடுவிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பதினொரு வருடங்கள் சுருக்கமானவை. குடி. காசு இருந்தால் பியர், இல்லாவிட்டால் எரிசாராயம். போரிலிருந்து திரும்பிவந்து, எதையும் சொல்லாமல், எதையும் செய்யாமல், போத்தலுக்குள் இறங்கிவிட்ட மனிதர்களை எமது கிராமங்களில் காணாதவர் யார்? அவர்களைப் பற்றி எழுதினால் ஒரு வரிக்குள் முடிந்துவிடும். ஸ்டேஸும் அப்படி ஒரு வரியோடு முடிந்திருக்கவேண்டியவர்தான்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் சிட்னியையும் அடித்திருந்தது. வேலையில்லாதவர்கள் வீதியில் நிறைந்திருந்தார்கள். புரோட்வேயில் உள்ள சென் பார்னபஸ் தேவாலயத்தில் ஹமண்ட் என்ற அங்கிலிக்கன் குருவானவர் ஆண்களுக்கென்று கூட்டம் நடத்துவார். பிரசங்கத்தைக் கேட்டு முடித்தால் ஒரு கோப்பை தேநீரும் ஒரு துண்டு கேக்கும் கிடைக்கும். ஓகஸ்ட் 6ஆம் திகதி ஸ்டேஸ் அங்கே போனது அந்தத் தேநீருக்காகத்தான். அதை அவர் பிற்காலத்தில் மறைத்ததில்லை. கூட்டம் முடிந்ததும் வீதியைக் கடந்து எதிர்ப் பூங்காவில் ஒரு பெரிய அத்திமரத்தின் கீழ் முழங்காலிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. குடி அன்றோடு நின்றது. வேலை தேடிக்கொண்டார். இரவில் வீதியில் படுத்திருக்கும் குடிகாரர்களுக்கு உதவப் போனார்.

இரண்டு வருடம் கழித்து, 1932 நவம்பர் 14ஆம் திகதி, டார்லிங்ஹேர்ஸ்ற்றின் பர்ட்டன் வீதி பப்ரிஸ்ற் தேவாலயத்தில் ஜோன் ரிட்லியின் பிரசங்கம். ரிட்லியும் போர் கண்டவர். முதலாம் உலகப்போரில் மிலிற்றரி குரொஸ் பதக்கம் பெற்ற அதிகாரி. அன்று அவர் ஏசாயா ஆகமத்தை வைத்துக்கொண்டு நித்தியத்தைப் பற்றிப் பேசினார். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உரத்துச் சொன்னார். அதைச் சிட்னியின் எல்லாத் தெருக்களுக்கும் கேட்கும்படி கூவ முடிந்தால் எவ்வளவு நல்லது என்று ஏங்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டேஸின் பொக்கற்றில் ஒரு வெண்கட்டித் துண்டு கிடந்தது. வெளியே வந்து குனிந்தார். எழுதினார்.

தன் பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர் என்பதை இந்த இடத்தில் நினைக்கவேண்டும். அந்த ஒரு சொல் மட்டும் எப்படி இத்தனை வடிவாக வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. வேறு எதை எழுதினாலும் கோணல்தான். இடைக்கிடை வேறு வாசகங்களையும் முயன்று பார்த்தார். கடவுளுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வாசகம் ஒன்று. கடவுளா பாவமா என்று கேட்கும் வாசகம் ஒன்று. அவற்றை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கீழ்ப்படி என்று சொல்லும் எழுத்துக்கு நகரத்தில் ஏற்கனவே போதிய பலகைகள் இருந்தன.

வாரத்தில் பல நாட்கள், விடியற்காலை ஐந்து மணியளவில் வீட்டை விட்டுப் புறப்படுவார். கோட்டும் தொப்பியும் போட்ட சிறிய உருவம். ஒரு நாள் ஒரு பகுதி, மறுநாள் இன்னொன்று. ரயில் நிலைய வாசல்கள், மதுக்கடை முன்பக்கங்கள், தெருமுனைகள். பெரும்பாலும் மஞ்சள் வெண்கட்டி. எழுதி முடித்து, கொஞ்சத் தூரம் நடந்து, திரும்பக் குனிவார். ஜனங்கள் வேலைக்கு வரும் நேரம் ஆள் இல்லை. சொல் மட்டும் இருக்கும். மொத்தம் சுமார் ஐந்து இலட்சம் தடவை எழுதியிருப்பார் என்பது பொதுவான கணிப்பு. ஒரு நாளும் விடாமல் போயிருந்தால்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய நாற்பது. சரியான எண் யாருக்குத் தெரியும்? மழை எண்ணிக்கை வைப்பதில்லை.

இருபத்துநாலு வருடம் அது யார் என்று ஊருக்குத் தெரியாது. பத்திரிகைகள் எழுதின, ஜனங்கள் பந்தயம் பிடித்தார்கள். அதற்கிடையில் 1942இல் அவர் பேர்ள் டோசன் என்ற பெண்ணைத் திருமணம் செய்து பிர்மொன்ற்றில் குடியிருந்தார். தேவாலயத்தில் துப்புரவு வேலையும் பார்த்தார். ஒரு நாள் பர்ட்டன் வீதித் தேவாலயத்தின் போதகர் லைல் தொம்சன், தன்னுடைய சபையின் துப்புரவாளர் நடைபாதையில் குனிந்து எழுதுவதை நேரில் கண்டுவிட்டார். 1956 ஜூனில் சண்டே டெலிகிராப் பத்திரிகையில் கதை வந்தது. ஊர் அறிந்த பிறகும் ஸ்டேஸ் நிறுத்தவில்லை. 1963இல் ஒரு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எடுத்த சில படங்கள் இருக்கின்றன. முழங்காலில் நிற்கும் கிழவர், தரையில் அந்தச் சொல். இன்று நாம் அறிந்த முகம் பெரும்பாலும் அந்தப் படங்களின் முகம்தான்.

பொலிஸ் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்துநாலு தடவை கைதாகும் நிலைக்கு வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், தனக்கு அனுமதி மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது என்று பதில் சொல்லுவாராம். பொலிஸ்காரரும் சிரித்துவிட்டுப் போவார். இந்த இடம் இங்குள்ள கட்டுரைகளில் எப்போதும் ஒரு வேடிக்கையாக எழுதப்படும். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு காலை மதிலில் எழுத்து இருந்தால், எழுதினவனை யாரும் தேடுவதில்லை. மதிலுக்குச் சொந்தக்காரரைத்தான் தேடுவார்கள். விடிவதற்குள் சுண்ணாம்பு வாளியோடு ஓடுவது வீட்டுக்காரர் வேலை. எந்தத் தரப்பின் எழுத்து என்பது பிரச்சினையில்லை. விட்டால் ஒரு தரப்பு விசாரிக்கும், அழித்தால் மறுதரப்பு விசாரிக்கும். எங்கள் ஐயா ஒரே கிழமையில் இரண்டு தடவை மதிலுக்கு வெள்ளை அடித்தார். அந்த மதிலைக் கண்டு வளர்ந்தவனுக்கு, இருபத்துநாலு தடவை பிடிபட்டு இருபத்துநாலு தடவையும் வீட்டுக்குப் போன மனிதன் ஒரு அதிசயம். ஸ்டேஸ் வெள்ளைக்காரர், வயதானவர், போருக்குப் போய்வந்தவர், எழுதியது வேதாகமத்துச் சொல். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறாக இருந்திருக்கலாம். 2019 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு இலங்கை முழுவதும் இளைஞர்கள் தூரிகையோடு இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். படையினரின் போர்க்காட்சிகளும் சுவர்களில் ஏறின. நாசவேலை என்று எந்தப் பொலிஸ் நிலையமும் எழுதிக்கொள்ளவில்லை. இன்னாருடைய சுவர், இன்னாருடைய படம் என்பதைப் பார்த்துத்தான் சட்டத்தின் கண் திறக்கிறது, மூடுகிறது.

ஆனால் சுவர் எழுத்து எல்லாம் சுதந்திரத்தின் குரல் என்று பாடவும் நான் தயாரில்லை. கழுவினவனுக்குத் தெரியும். சிட்னியின் பழைய கட்டடங்கள் மஞ்சள் மணற்கல்லால் ஆனவை. ஸ்பிரே வர்ணம் அந்தக் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். முதலில் களி போன்ற இரசாயனத்தைப் பூசிக் காத்திருக்கவேண்டும். பிறகு சுடுதண்ணீரை அழுத்தத்தில் அடிக்கவேண்டும். அழுத்தம் கூடினால் வர்ணத்தோடு கல்லின் தோலும் உரிந்து மணலாகக் கொட்டும். குறைந்தால் எழுத்தின் நிழல் தங்கிவிடும். வெயில் சரிந்து விழும் நேரம், அழித்த பெயரை அப்படியே வாசிக்கலாம். வர்ணம் பூசிய சுவர் என்றால் இலகு, அதே நிறத்தைக் கலந்து மேலே பூசிவிடலாம். சின்னக் கடைக்காரர் ஒருவர் தன் கதவை ஒரே மாதத்தில் மூன்று தரம் கழுவுவித்தார். அந்தக் கதவில் எழுதிய பையன் தன் பெயரைத் தவிர எதையும் எழுதவில்லை. அதைக் கலை என்று அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழாது. வெண்கட்டி அப்படியில்லை. ஒரு வாளி தண்ணீர் போதும். பாதசாரிகளின் சப்பாத்தே பாதியை அழித்துவிடும். ஸ்டேஸ் எழுதிய ஐந்து இலட்சத்தையும் அழிக்க எவருடைய கல்லும் உரியவில்லை. நான் கடைசிவரை கைவிடாத ஒரே அளவுகோல் இதுதான்: எழுதியதை அழிக்க, எழுதாத யாரோ என்ன விலை கொடுக்கவேண்டியிருக்கிறது?

கலையா என்று கேட்டால், ஸ்டேஸ் தன்னைக் கலைஞன் என்று ஒருநாளும் நினைத்தவரில்லை. பிரசங்கி என்றே நினைத்தார். கலை என்று முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் மார்ட்டின் ஷார்ப். சிட்னியின் பெயர்பெற்ற பொப் ஓவியர். சின்ன வயதில் நடைபாதையில் கண்ட அந்தச் சொல்லைத் தன் ஓவியங்களுக்குள்ளும் சுவரொட்டிகளுக்குள்ளும் கொண்டுவந்தார். நகரத்தின் அடுத்த தலைமுறை அதைத் தரையில் காணவில்லை. ஷார்ப்பின் படங்களில்தான் கண்டது.

மனைவி 1961இல் இறந்தார். ஸ்டேஸ் 1967 ஜூலை 30ஆம் திகதி ஹமண்ட்வில்லில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பாரிசவாதத்தால் இறந்தார். வயது 82. ஹமண்ட்வில் என்ற அந்த ஊர், மந்த காலத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காக அதே ஹமண்ட் குருவானவர் உருவாக்கியது. தேநீர் கொடுத்தவரின் பெயரிலுள்ள ஊரிலேயே அவர் கண்ணை மூடினார். உடலைச் சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். மருத்துவ மாணவர்கள் படித்து முடித்தபின், இரண்டு வருடத்துக்கு மேல் கழித்தே பொட்டனி மயானத்தில் மனைவியோடு அடக்கம் செய்யப்பட்டார்.

இறந்த பிறகுதான் நகரம் அவரை நேசிக்கத் தொடங்கியது. 1977இல் நகர மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள சிட்னி சதுக்கத்தில், அதே கையெழுத்தை அலுமினியத்தில் வார்த்துத் தரையில் பதித்தார்கள். அந்தச் சதுக்கத்தை வடிவமைத்த கட்டடக்கலைஞர் ரிட்லி சிமித். பிரசங்கி ரிட்லியின் பெயரை இட்டு வளர்க்கப்பட்டவர். மழையில் அழியாத முதல் நித்தியம் அது. 1994இல் லோறன்ஸ் ஜோன்ஸ்ரன் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பிறகு ஒரு ஒப்பராவும் வந்தது. கன்பராவில் 2001இல் தேசிய அருங்காட்சியகம் திறந்தபோது ஒரு காட்சிக்கூடத்துக்கே அந்தச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். ஸ்டேஸ் ஒரு அட்டைத்துண்டில் எழுதிக் கொடுத்த சொல்லும் அந்த அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக 1999 டிசெம்பர் 31 நள்ளிரவு. ஆயிரமாண்டு புரளும் நேரம், துறைமுகப் பாலத்தில் வாணவேடிக்கை முடிந்து புகை கலைந்தபோது, பாலத்தின் நடுவில் ஒளியால் எழுதிய அந்தச் சொல் தெரிந்தது. கரை முழுக்கச் சனம். தொலைக்காட்சியில் உலகம். அடுத்த வருடம் செப்ரெம்பரில் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அது வந்தது. அடுத்த சில வருடங்களுக்குள் வர்த்தகக் குறி மாநகரசபையின் கைக்குப் போனது. கண்டபடி யாரும் விற்றுவிடக் கூடாது என்ற பாதுகாப்பு எண்ணம் அதில் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் சிரிப்பு வருகிறது. ஸ்டேஸ் உயிரோடு வந்து இன்று தன் சொல்லைத் தானே பெனியனில் அச்சடித்து விற்பதென்றால் நகர மண்டபத்தில்தான் அனுமதி கேட்கவேண்டும். இந்தத் தடவை மேலிடம் அதுதான்.

நகரம் இப்படி ஒரு சுவர் எழுத்தாளரைத் தத்தெடுத்து மூன்று வருடம் கழிந்தது. 2003 மார்ச் 18. ஈராக் போரில் அவுஸ்திரேலியா சேர்வதாகப் பிரதமர் அறிவித்த நாள். பாலத்துக்கு நேர் எதிரே, ஒப்பரா ஹவுஸின் மிக உயர்ந்த பாய் போன்ற கூரையில் இருவர் ஏறினார்கள். டேவ் பேர்ஜஸ், வில் சோண்டர்ஸ். சிவப்பு வர்ணத்தால் பெரிய எழுத்தில், போர் வேண்டாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு சொல். பட்டப்பகலில் எழுதினார்கள். மேலேயே பொலிஸ் வரும்வரை நின்றார்கள்.

நீதிமன்றத்தில், மற்றவர்களின் உயிரைக் காப்பதற்காகச் செய்தோம் என்ற அவர்களின் வாதம் எடுபடவில்லை. ஒன்பது மாதம் வார இறுதித் தடுப்புக்காவல். துப்புரவுச் செலவாக 151,000 டொலர் கட்டச் சொன்னார்கள். அந்தக் காசைச் சேர்க்க, உள்ளே ஒப்பரா ஹவுஸும் அதில் அந்தச் சிவப்பு எழுத்தும் தெரியும் சிறு கண்ணாடிக் குமிழ்ப் பொம்மைகளைச் செய்து விற்றார்கள் ஆதரவாளர்கள்.

அன்று நான் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன். மத்தியான இடைவேளையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் குழுவில் இருந்த ஒரு மூத்த அவுஸ்திரேலியர் எத்தனை மணித்தியாலக் கழுவல் என்று கணக்குப் போட்டுத் திட்டினார். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. ஓட்டுக்கு ஓடு கயிற்றில் தொங்கிக்கொண்டு கழுவப்போகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு சொல்லையும் எங்கள் ஊரில் எந்த மதிலிலும் எழுத எவரும் விட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தத் தரப்பும். சண்டையை ஆதரித்து எழுதலாம், ஆள் சேர எழுதலாம், செத்தவர்களின் படத்தை ஒட்டலாம். போர் வேண்டாம் என்று வெறுமனே எழுதினவனுக்கு ஒழுங்கையில் ஒரு பக்கமும் பாதுகாப்பு இல்லை.

என் அளவுகோலின்படி ஒப்பரா ஹவுஸ் எழுத்து தவறும். எழுதாதவர்கள் கயிற்றில் தொங்கவேண்டி வந்தது. செலவைக் கட்டச் சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். தடுப்புக்காவல்தான் எனக்குப் பொருந்தவில்லை. அது வர்ணத்துக்கான தண்டனையாகத் தெரியவில்லை. நித்தியம் என்ற சொல் எந்த அரசாங்கத்திடமும் எதையும் கேட்கவில்லை. நாளை காலை எந்த அமைச்சரும் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அதனால் அதைப் பாலத்தில் ஏற்ற முடிந்தது. மற்ற இரண்டு சொல்லுக்கும் அன்று பின்னேரமே பதில் தேவைப்பட்டது. ஸ்டேஸ் 1919இல் மேற்குப் போர்முனையிலிருந்து வந்தபின் நித்தியம் என்று எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டு சொல்லை எழுதித் திரிந்திருந்தால், இருபத்துநாலு பொலிஸ்காரரும் சிரித்திருப்பார்களா? போர் அவருடைய நுரையீரலில் இருந்தது. அதைப் பற்றி அவர் நடைபாதையில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டும் என்று சொல்ல நான் யார்? எங்களிலும் பலர் எழுதவில்லை.

இன்னொன்று. இந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள மணற்பாறைகளில் மீன்களும் திமிங்கிலங்களும் கங்காருக்களும் மனித உருவங்களும் கோடாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த மண்ணின் பூர்வகுடிகள் வெள்ளையர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செதுக்கியவை. நகரம் வளர வளர அவற்றில் பலவற்றின் மேல் வீதியும் வீடும் ஏறின. எது நகரத்தின் எழுத்து, எது நகரத்தின்மேல் எழுதிய எழுத்து என்று பிரித்துப் பார்க்கப் புறப்பட்டால், மாநகரசபை விதிகளுக்கும் மேலே போகவேண்டிவரும். ஸ்டேஸ் பிறந்த ரெட்பேர்ன் பிற்காலத்தில் பூர்வகுடிகளின் அரசியலுக்கு மையமான இடம். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே 1983இல் வரைந்த சுவரோவியம் இந்த மண்ணில் அவர்களுடைய நாற்பதாயிரம் வருடத்தைச் சொல்கிறது. அதைக் கழுவச் சொல்லி எங்களுக்கு ஒருநாளும் உத்தரவு வரவில்லை.

ஸ்டேஸின் கையால் எழுதிய சொல் சிட்னி நகரத்துக்குள் ஒரே ஒரு இடத்தில்தான் மிஞ்சியது. மார்ட்டின் பிளேசில் பழைய பிரதம தபாலகத்தின் மணிக்கூட்டுக் கோபுரம். இரண்டாம் உலகப்போரில், ஜப்பானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் 1942இல் அதைக் கழற்றிக் களஞ்சியத்தில் வைத்தார்கள். 1960களில் கோபுரத்தைத் திரும்பக் கட்டியபோது பெரிய மணியை வெளியே எடுத்தார்கள். பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மணியின் உட்புறத்தில் வெண்கட்டியால் எழுதிய அந்தச் சொல்லைக் கண்டார்கள். பூட்டி வைத்த மணிக்குள் அவர் எப்படிப் போனார் என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லோடு சேர்த்தே மணியைத் தூக்கி மாட்டினார்கள்.